‘இணைப்பு செல்லாது’: கடவுச்சொல் மீட்புப் படிவம் எங்கே பழுதாகிறது?

கடவுச்சொல்லை மறந்தவர் புதியதொன்றை அமைத்துக்கொள்ள இணையதளங்கள் தரும் படிவம் பார்வைக்கு ஒரு பெட்டியும் ஒரு பொத்தானும் மட்டுமே என்றாலும், தரவுத்தளம், அஞ்சல் வழங்கி, பயனரின் அஞ்சல்பெட்டி, உலாவி ஆகிய நான்கும் அடுத்தடுத்துப் பிசகாமல் இயங்கினால்தான் அதன் வேலை முடிகிறது. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் தள மேலாண்மை மென்பொருளில் இதற்கான படிவம் இயல்பாகவே உண்டு. தளத்தின் தோற்றத்துக்கு அது பொருந்தவில்லை என்று விலக்கிவிட்டுச் சொந்தமாக ஒன்றை எழுதுவோர், பழைய படிவம் வெளியே தெரியாமல் செய்துவந்த காரியங்களைக் கவனியாமல் விடுவதே பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணமாகிறது.

பயனர் கோரியதும் 20 எழுத்துகள் கொண்ட, ஊகிக்க முடியாத சாவி ஒன்றை வேர்ட்பிரஸ் உருவாக்கி, அதை மின்னஞ்சலில் செல்லும் இணைப்பில் சேர்க்கிறது. தரவுத்தளத்திலோ அந்தச் சாவி வைக்கப்படுவதில்லை, அதன் ஹேஷ், அதாவது மூலத்தைத் திரும்பப் பெற முடியாதபடி கணக்கிட்டெடுத்த குறியீடு, உருவான நேரத்துடன் பதியப்படுகிறது. ஒரு பயனருக்கு ஒரே சாவிக்குத்தான் இடம் என்பதால் அடுத்த கோரிக்கை வந்ததுமே முந்தைய சாவி செல்லாததாகிறது. இயல்பான அமைப்பில் 24 மணி நேரம் கடந்தாலும் அது காலாவதியாகிவிடும். அஞ்சல் தாமதமானதால் மறுபடி பொத்தானை அழுத்தியவர், முதலில் வந்த அஞ்சலைத் திறந்தால் ‘இணைப்பு செல்லாது’ என்ற பதிலையே பெறுவார். நிரலில் பிழை இல்லை. ஆனால் காலாவதியான சாவிக்கும் தவறான சாவிக்கும் வேர்ட்பிரஸ் தனித்தனிப் பிழைக்குறிகள் தரும்போது சொந்தப் படிவம் இரண்டையும் ஒரே வாசகத்தில் அடக்கிவிடுவதால், பழுதுபார்ப்பவருக்கும் காரணம் புலப்படுவதில்லை. இந்தத் தொல்லையிலிருந்து தப்பச் சாவியின் ஆயுளைப் பல நாள்களுக்கு நீட்டுவது ஆபத்தானது. பழைய அஞ்சல் ஒன்று கையில் கிடைத்தவர் கணக்கையே கைப்பற்ற அது வழி திறக்கிறது.

அஞ்சலே வரவில்லை என்றால் படிவத்தைத் திருத்துவதற்கு முன் அஞ்சல் வழியைச் சோதிக்க வேண்டும். அஞ்சல் அனுப்பும் செயற்கூறு வெற்றி என்று விடை தருவது, அஞ்சல் வழங்கியிடம் ஒப்படைக்கப்பட்டதை மட்டுமே காட்டும்; பெறுநரைச் சேர்ந்ததற்கு அது சான்றாகாது. தளத்தின் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள வழங்கிகளை அறிவிக்கும் எஸ்பிஎஃப், அஞ்சலில் மின்னணுக் கையொப்பமிடும் டிகேஐஎம் ஆகிய ஏற்பாடுகளுள் ஒன்றேனும் இருக்க வேண்டும் என்று ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் அனுப்புநர் அனைவரிடமும் கேட்கிறது.

அஞ்சல் வந்தும் இணைப்பு செயல்படாவிட்டால், பெரும்பாலும் சாவி வழியில் தொலைந்திருக்கும். பழைய பக்கத்திலிருந்து புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடும் நிரல், முகவரியின் பின்பகுதியில் உள்ள சாவியையும் பயனர்பெயரையும் உடன் எடுத்துச்செல்லாமல் விடுவது அடிக்கடி காணும் பிழை. வேர்ட்பிரஸின் இயல்பான படிவம் சாவியைக் குக்கியில், அதாவது உலாவி வைத்துக்கொள்ளும் சிறு குறிப்பில், பதிந்துகொண்டு சாவியில்லாத முகவரிக்குத் திருப்புவதால் பிற தளங்களுக்கு அது கசிவதில்லை. இந்த நுட்பமான ஏற்பாட்டைச் சொந்தப் படிவங்கள் பின்பற்றுவது நல்லது. நிறுவனங்களின் அஞ்சல் பாதுகாப்புக் கருவிகள் சில, பயனருக்கு முன்னரே இணைப்பைத் திறந்து பரிசோதிப்பதும் உண்டு. இணைப்பைத் திறந்த உடனேயே சாவியைத் தீர்த்துவிடும் படிவம் இங்கே தோற்றுவிடும். புதிய கடவுச்சொல் சமர்ப்பிக்கப்பட்ட பிறகே சாவியை அழிக்க வேண்டும்.

மிகவும் குழப்பும் பழுது கடைசிக் கட்டத்தில் நேர்கிறது: மாற்றம் வெற்றி என்று தளம் அறிவிக்கிறது, பயனராலோ புதிய கடவுச்சொல்லைக் கொண்டு உள்நுழைய முடிவதில்லை. சாதாரண உரையைத் தூய்மையாக்கும் செயற்கூற்றைக் கடவுச்சொல்லுக்கும் பயன்படுத்தினால், முனைகளில் உள்ள இடைவெளி நீங்குகிறது, ‘விடச் சிறியது’ குறி உருமாறுகிறது, விழுக்காட்டுக் குறியும் அதை அடுத்து வரும் சில எழுத்துகளும் மறைகின்றன. பயனர் தட்டியது ஒன்று, ஹேஷாகிப் பதிந்தது வேறொன்று. கடவுச்சொல் ஹேஷாகவே சேமிக்கப்படுவதால் அதிலுள்ள எந்தக் குறியும் தரவுத்தளத்துக்குத் தீங்கு செய்வதில்லை. ஆகவே இத்தகைய தூய்மையாக்கம் அதற்குத் தேவையற்றது, இக்குறிகள் கலந்த கடவுச்சொல்லால் சோதித்துப் பார்த்த பின்னரே படிவத்தைத் தளத்தில் ஏற்ற வேண்டும்.