செங்கற்சூளை அருகே ஒரு நல்லூர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய ஊர்களிலே, அகன்ற விறாந்தை கொண்ட கல்வீடு ஒன்றைக் காட்டி, "அது மலாயாப் பென்சன்காரர் கட்டிய வீடு" என்று முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த வீட்டைக் கட்டிய பணம் எங்கே ஈட்டப்பெற்றது? ஈட்டியவர்கள் அங்கே எவ்வாறு வாழ்ந்தார்கள்? அவர்கள் அங்கு விட்டுவந்தவற்றுள் இன்றும் நிலைத்து நிற்பவை எவை? இவ்வினாக்களுக்கு விடை காணக் கோலாலம்பூர் மாநகரின் ஒரு பகுதிக்குச் செல்வோம். அதன் பெயர் பிரிக்பீல்ட்ஸ்.

செங்கல் அறுத்துச் சூளையிட்ட நிலம் என்பதே அப்பெயரின் பொருள். 1881ஆம் ஆண்டிலே தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரை அழித்தன. மரமும் ஓலையும் கொண்டு கட்டிய வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டே இனிக் கட்டவேண்டுமென்று ஆங்கில அதிகாரிகள் பணித்தனர். நகருக்கு வேண்டிய செங்கல் இங்கே அறுக்கப்பட்டது. 1886இல் கோலாலம்பூருக்குப் புகையிரதம் வந்தது. பின்னர் இப்பகுதி புகையிரதத் தொழிலின் நடுவிடமாயிற்று.

மலாயாவின் முதற் புகையிரதப் பாதை 1885இல் தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்ட் துறைக்கும் இடையே திறக்கப்பட்டது. அதனை அமைப்பதற்கு இலங்கையிலிருந்தே தொழிலாளர் படை சென்றது. இலங்கைப் பொதுவேலைப் பகுதியிற் பணியாற்றிய ஸ்பூனர் என்னும் பொறியியலாளர் 1891இற் சிலாங்கூருக்கு மாறிச் சென்றார். 1901இல் மலாய் நாடுகளின் புகையிரதப் பகுதிக்கே தலைவரானார். யாழ்ப்பாணத்து இளைஞரின் திறமையை இத்தகைய அதிகாரிகள் அறிந்திருந்தனர். 1816 முதல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு நிறுவிய கல்விச்சாலைகளும், பின்னர்ச் சைவர்கள் தோற்றுவித்த கல்லூரிகளும் ஆங்கிலம் கற்ற ஒரு தலைமுறையை உருவாக்கியிருந்தன. தோட்டக்காணி சிறிது, உள்ளூரிற் கந்தோர் உத்தியோகமோ அதனினும் சிறிது. எனவே இளைஞர்கள் கப்பலேறினர். எழுதுவினைஞராகவும், புகையிரத நிலைய அதிபராகவும், தபாற் பகுதியினராகவும், மருத்துவ உதவியாளராகவும் அமர்ந்தனர்.

பிரிக்பீல்ட்ஸிற் புகையிரதத் திணைக்களம் தன் ஊழியர்க்கு வரிசை வரிசையாக வீடுகள் கட்டிக் கொடுத்தது. 'நூறு குவாட்டர்ஸ்' என்று அவற்றுள் ஒரு தொகுதிக்குப் பெயர். மணமாகாத இளைஞர் பலர் ஒரே வீட்டிற் கூடியிருந்து, செலவைப் பகிர்ந்து உண்டனர். மிச்சம் பிடித்த பணம் மாதந்தோறும் மணியோடராக யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அதனால் ஈட்டுக் காணிகள் மீண்டன. தங்கைமாருக்குச் சீதனம் சேர்ந்தது. தம்பிமார் கல்லூரிக்குச் சென்றனர். ஆனால், அவர்கள் வாழ்ந்த வீடுகள் அவர்களுடையன அல்ல. உத்தியோகம் முடியும் நாளில் திறப்பைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இதனை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

தமக்கென வீடில்லாத அம்மக்கள் தம் பெருமானுக்கு ஓர் இல்லம் அமைத்தனர். ஸ்கொட் வீதியிலுள்ள கந்தசுவாமி கோயில் 1902இல் நிறுவப்பெற்றது. நல்லூரை நினைந்தே அதனை அமைத்தார்கள். நல்லூர் மரபைத் தழுவியே வழிபாட்டையும் நடத்தினார்கள். 1897 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளி உரை நிகழ்த்திய சுவாமி விவேகானந்தர் 1902இல் மறைந்தார். அவர் நினைவாக 1904இல் விவேகானந்த ஆச்சிரமம் தோன்றியது. நூல்நிலையமும் சமய வகுப்பும் தமிழ்க் கல்வியும் அதனால் வளர்ந்தன.

இலங்கையிலிருந்து சென்றோர் தமிழர் மட்டுமல்லர். அதே பிரிக்பீல்ட்ஸிற் சிங்கள மக்கள் 1894இற் சங்கம் அமைத்துப் பௌத்த மகா விகாரையை உருவாக்கினர். ஒரே தீவிலிருந்து சென்ற இரு மொழியினரும் ஒரே திணைக்களத்தில் வேலைபார்த்து, நடந்து செல்லும் தூரத்திலே தத்தம் வழிபாட்டிடங்களை எழுப்பினர். சீனர் கோயிலும் தமிழ்க் கிறிஸ்தவர் தேவாலயமும் அவற்றுக்கு அயலாயின.

குறையொன்றையும் மறைத்தலாகாது. இரப்பர்த் தோட்டங்களிலும் புகையிரதப் பாதையிலும் உடலுழைத்த தமிழகத் தொழிலாளரிடமிருந்து, எழுதுவினைஞரான யாழ்ப்பாணத்தார் பெரும்பாலும் விலகியே வாழ்ந்தனர். மொழி ஒன்றாயினும் சங்கங்கள் வேறு, சம்பந்தங்கள் வேறு. உத்தியோகப் பெருமையும் சாதிப் பெருமையும் அவ்வேலியைக் காத்தன.

1941 டிசம்பரில் யப்பானியப் படை மலாயாவிற் புகுந்தது. 1945 வரை கடிதமுமில்லை, மணியோடருமில்லை. இங்குள்ள வீடுகள் வருவாயின்றித் தவித்தன. அங்குள்ளோர் உணவுக்கே அல்லலுற்றனர். 1957இல் மலாயா சுதந்திரம் அடைந்தது. இளைப்பாறியோர் பலர் ஊர் திரும்பினர். அங்கே பிறந்த பிள்ளைகள் பலர் அந்நாட்டுக் குடிமக்களாயினர். மலேசியாவின் பெருஞ்செல்வருள் ஒருவராக விளங்கி 2024இல் மறைந்த ஆனந்த கிருஷ்ணன், 1938இல் பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாண வழியினரான பெற்றோர்க்குப் பிறந்தவரே.

இன்றைய பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். புகையிரதப் பெட்டிகளைக் கோத்த பழைய நிலத்தில் 2001 முதல் கே.எல். சென்ட்ரல் என்னும் பெருநிலையம் இயங்குகின்றது. சுற்றிலும் வானளாவிய மாளிகைகள். நூறு குவாட்டர்ஸ் இடிக்கப்பட்டு மறைந்தது. 2010இல் இப்பகுதி 'லிட்டில் இந்தியா' என அழகுபடுத்தப்பட்டுத் திறந்துவைக்கப்பட்டது. பூக்கடையிலும் உணவுச்சாலையிலும் கேட்கும் தமிழ் பெரும்பாலும் தமிழகத்து வழியினரின் தமிழாகும்.

ஆச்சிரமத்துக்கும் ஒரு சோதனை வந்தது. 2014இல் அதன் வளவிலே உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் வெளியானபோது எதிர்ப்பு மூண்டது. எதிர்த்தவர்கள் யாழ்ப்பாண வழியினர் மட்டுமா? அல்லர். எந்தத் தொழிலாளர் வழியினரிடமிருந்து முன்னோர் விலகி நின்றனரோ, அந்த வழியினரும் பிற இனத்தவரும் சேர்ந்தே குரலெழுப்பினர். 2016இல் ஆச்சிரமம் நாட்டின் மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? தமக்கெனப் பெற்ற உத்தியோகமும் குவாட்டர்ஸும் போயின. பிறர்க்கும் கதவு திறந்த கோயிலும் நூல்நிலையமும் பள்ளியும் நின்றன. கட்டியவர் ஒரு சிலர். காத்தவர் ஊரார் அனைவரும்.

1983இன் பின்னர் நம்மவர் உத்தியோகம் தேடியல்ல, உயிர்காக்கவே ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்றனர். அங்கும் கோயில்கள் எழுந்துள்ளன. வார இறுதித் தமிழ் வகுப்புகள் நடைபெறுகின்றன. நூறாண்டின் பின் அவற்றுள் எது நிற்கும்? கோபுரத்தின் உயரம் அதனைத் தீர்மானிக்கப்போவதில்லை. வாசலுக்குள் யார் யாரை வரவிட்டோம் என்பதே தீர்மானிக்கும். செங்கற்சூளை அருகே எழுந்த அந்தச் சிறு நல்லூர் நமக்குச் சொல்லும் செய்தி அதுவே.