ஆங்கில மரபுத்தொடர்களும் அவற்றின் பொருளும்

ஒரு தொடரிலுள்ள சொற்கள் தத்தம் நேர்ப்பொருளை விட்டு, ஒன்றுசேர்ந்து வேறொரு பொருளைத் தருமானால் அது மரபுத்தொடர் எனப்படும். தமிழில் ‘கம்பி நீட்டினான்’ என்றால் நழுவி ஓடிவிட்டான் என்று பொருள். அங்கே கம்பியும் இல்லை, நீட்டுவதும் இல்லை. ஆங்கிலத்தில் இத்தகைய தொடரை ‘இடியம்’ என்பர். ஒரு வாக்கியத்தின் எல்லாச் சொற்களும் தெரிந்திருந்தும் பொருள் விளங்காமல் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அடிக்கடி வரும் சில தொடர்கள்

- பீஸ் ஆஃப் கேக்: மிக எளிதான வேலை. தமிழில் ‘அல்வா சாப்பிடுவது மாதிரி’ என்பர்.
- ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்: மிக அரிதாக, அத்தி பூத்தாற்போல.
- கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்: ஒரு முயற்சியில் இரண்டு பயன். ஆங்கிலத்தில் விழுபவை பறவைகள். தமிழில் ‘ஒரே கல்லில் இரண்டு மாங்காய்’.
- பேக் டு ஸ்கொயர் ஒன்: தொடங்கிய இடத்துக்கே திரும்புதல், ‘பழைய குருடி கதவைத் திறடி’.
- லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்: இரகசியத்தை வெளியே சொல்லிவிடுதல்.
- பர்ன் த மிட்நைட் ஆயில்: இரவு நெடுநேரம் கண்விழித்துப் படித்தல் அல்லது உழைத்தல்.
- அண்டர் த வெதர்: உடல்நலமின்றி இருத்தல். வானிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

புளிக்கும் திராட்சை

‘சவர் கிரேப்ஸ்’ என்பது ஈசாப்பின் நரிக் கதையிலிருந்து வந்தது. எட்டாத திராட்சையை நரி பழித்தது. தமிழிலும் ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்ற வழக்கு உண்டு. கிரேக்கக் கதையில் நரி சொல்வது, திராட்சை இன்னும் பழுக்கவில்லை என்பதுதான்.

தேவாரம் அமைந்துள்ள கம்பம் பள்ளத்தாக்கு மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே ஆண்டு முழுவதும் திராட்சை அறுவடை நடக்கிறது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பந்தலில் தொங்கும் காய் புளிக்கும், பழுத்தால் இனிக்கும் என்பது அவர்கள் அறிந்ததே.

ஆனால் தொடரைப் பயன்படுத்துவதில் கவனம் தேவை. பொறாமை, ஏமாற்றம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. ஒருவர் ஒன்றை விரும்பியிருக்க வேண்டும். அது கிடைக்காமல் போயிருக்க வேண்டும். அதன்பின் அவர் அதைத் தாழ்த்திப் பேச வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால்தான் ‘சவர் கிரேப்ஸ்’.

உருவம் ஒன்று, பொருள் வேறு

இரு மொழிகளிலும் ஒரே உருவம் வந்தாலும் பொருள் ஒன்றாக இருக்கும் என்று கொள்ளக்கூடாது. தமிழர்க்கு வெள்ளை யானை என்றதும் இந்திரனின் ஐராவதம் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் ‘ஒயிட் எலிஃபன்ட்’ என்பது, பெரும் பணத்தை விழுங்கி, பயன் தராமல் சுமையாக நிற்கும் உடைமை. ஓர் அரசுக் கட்டடத்தை அப்படி எழுதினால் அது பாராட்டு அல்ல, கண்டனம்.

‘கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்’ என்பது இன்னொன்று. நியூகாசில், நிலக்கரிக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்துத் துறைமுக நகரம். அங்கேயே நிலக்கரி கொண்டுபோவது வீண்வேலை. கொல்லன் தெருவில் ஊசி விற்பதும் அப்படித்தான். ‘திருநெல்வேலிக்கே அல்வாவா?’ என்பது இதே வடிவில் இருந்தாலும் வேறு பொருள் தரும். ‘அல்வா கொடுத்தல்’ என்றால் ஏமாற்றுதல் ஆகையால், ஏமாற்றுவதில் கைதேர்ந்தவரையே ஏமாற்றப் பார்ப்பதை அது குறிக்கும்.

இடம் அறிந்து பயன்படுத்தல்

‘கிக் த பக்கெட்’ என்பதற்கு அகராதியில் ‘இறத்தல்’ என்றிருக்கும். அதை நம்பி இரங்கல் கடிதத்தில் எழுதினால் துயரத்தில் இருப்பவர் மனம் புண்படும். அது தமிழின் ‘மண்டையைப் போட்டான்’ என்பதற்கு நிகரான விளையாட்டுப் பேச்சு. மரியாதையாகச் சொல்ல ‘பாஸ்டு அவே’ என்ற தொடர் உண்டு. அதுவே ‘இயற்கை எய்தினார்’ என்பதற்கு அருகில் வருவது. நன்னூல் இத்தகைய வழக்கை ‘மங்கலம்’ என்று வகுத்துள்ளது. செத்தார் என்பதைத் ‘துஞ்சினார்’ என்பது அதற்கு எடுத்துக்காட்டு.

சொல்லை மாற்றலாகாது

மரபுத்தொடரின் சொற்களை விருப்பப்படி மாற்ற முடியாது. ‘பக்கெட்’ இருக்குமிடத்தில் வேறொரு பாத்திரத்தின் பெயரைப் போட்டால் மரணம் என்ற பொருள் மறைந்து, பாத்திரத்தை உதைத்த செய்தி மட்டும் மிஞ்சும். ‘கம்பி நீட்டினான்’ என்பதைக் ‘கயிறு நீட்டினான்’ என்றால் பொருள் கெடுவது போலத்தான்.

ஆகவே மரபுத்தொடர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வது மட்டும் போதாது. ஒவ்வொரு தொடரையும் அது வரும் முழு வாக்கியத்தோடு குறித்துக்கொண்டு, யார், யாரிடம், எந்தச் சூழலில் சொல்கிறார் என்பதையும் சேர்த்து எழுதிவைத்தால், தேர்விலும் நேர்காணலிலும் அது தக்க இடத்தில் கைகொடுக்கும்.