உஷார்! டைப்பிங் மட்டும் பார்க்கிற இன்டர்வியூ

வீடியோ காலில் பத்து நிமிஷம். இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள், டைப்பிங் வேகத்தைப் பார்ப்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா என்று கேட்பார்கள். வேலை கிடைத்தாயிற்று! ஊரில் நினைத்துப் பார்க்க முடியாத சம்பளம், விமான டிக்கெட், ஹோட்டல், விசா எல்லாம் கம்பெனி செலவு. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால், உடனே ஸ்வீட் வாங்க ஓடாதீர்கள்.

2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே இதைப் பற்றி எச்சரித்தது. 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' வேலை தாய்லாந்தில் என்று ஆள் எடுத்து, எல்லை தாண்டி மியான்மருக்குள் கடத்தி அடைத்து வைத்தார்கள். அடுத்த மாதமே அங்குள்ள மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னையில் வந்து இறங்கினார்கள். அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட்டுக்குப் போய் இரண்டே நாளில் 549 இந்தியர்களை ஏற்றி வந்தன. லாவோஸ், கம்போடியாவிலும் இதே கூத்துதான்.

உள்ளே என்ன வேலை? பெண் படத்தை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவரிடம் சாட்டில் காதல் பேசி, கிரிப்டோவில் பணம் போட வைத்து உருவ வேண்டும். மாட்டேன் என்றால் அடி, கரண்ட் ஷாக். பாஸ்போர்ட் அவர்கள் கையில். வெளியே விட வேண்டுமென்றால் வீட்டுக்குப் போன் போட்டு லட்சக்கணக்கில் கேட்பார்கள். நாள் முழுக்க சாட் அடிக்கத்தான் ஆள் தேவை. இன்டர்வியூவில் டைப்பிங் மட்டும் பார்ப்பது அதற்காகத்தான்.

சம்பளம் கொடுக்கப்போகிற முதலாளி கேள்வி கேட்டுக் குடைவான். முன்னே எங்கே வேலை பார்த்தாய், ஏன் விட்டாய், இந்தச் சிக்கலை எப்படித் தீர்ப்பாய் என்று நம்மை வியர்க்க வைப்பான். எதையுமே கேட்காமல் "செலக்டட்" என்பவனைக் கண்டுதான் பயப்பட வேண்டும். நீங்கள் திருப்பிக் கேளுங்கள். எந்தப் பொருளை விற்க வேண்டும்? ஆபீஸ் எந்த ஊரில், எந்தத் தெருவில்? எனக்கு மேலதிகாரி யார்? "அதெல்லாம் வந்த பொறவு சொல்லுகோம்" என்று பதில் வந்தால் அங்கேயே போனை வைத்துவிடலாம். ரெண்டு நாளில் கிளம்பணும், வீட்டில் சொல்ல வேண்டாம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

விசா விஷயத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களை விசா இல்லாமலே உள்ளே விடத் தொடங்கியது. அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. வேலை பார்க்க வேண்டுமென்றால் 'நான்-இமிகிரண்ட் பி' விசா வேண்டும், வொர்க் பெர்மிட்டும் வேண்டும். "முதல்ல டூரிஸ்டா வாங்க, அங்க வந்து மாத்திக்கிடலாம்" என்பது பொறிதான்.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்றது நம் கன்னியாகுமரி மாவட்டம். அந்தப் படிப்பே இங்கே நமக்கு வினையாகிறது. பத்தாம் வகுப்பு தேறாத கொத்தனார் அண்ணன் சவுதிக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடம் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். ஒப்பந்தத்தை ஒருவராவது பார்ப்பார். பத்தாவது தாண்டியவருக்கு அந்தச் சோதனை இல்லை. பி.இ. படித்தவரின் ஆஃபர் லெட்டரை ஓர் அதிகாரியும் பார்ப்பதில்லை. வீட்டில் உள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும்.

ஏஜென்ட் நம்ம ஊர்க்காரர், சர்ச்சில் பார்க்கிற ஆள், அத்தை மகனின் கூட்டாளி என்பதெல்லாம் அத்தாட்சி ஆகாது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் பதிவு வேண்டும். பதிவு எண்ணை வாங்கி இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அதற்கு மேல் கேட்டால் சட்டவிரோதம். ஆனால் "ஒரு பைசா வேண்டாம்" என்று சொல்பவரிடம் இன்னும் கவனமாக இருங்கள், மக்கா. உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் தலைக்கு இவ்வளவு என்று அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

சந்தேகம் வந்தால் அயலகத் தமிழர் நலத் துறையின் 1800 309 3793 எண்ணில் கேட்டுவிட்டுப் போங்கள். ஏற்கெனவே கிளம்பிப் போன பிள்ளை இருந்தால் இன்றைக்கே லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். பாங்காக்கில் வேலை என்று கூட்டிப்போய், விமான நிலையத்திலிருந்து மணிக்கணக்கில் காரில் ஓட்டினால், அது கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் தள்ளி மியான்மர் எல்லையில் இருக்கும் மே சோட்டுக்கான சாலையாக இருக்கலாம். அங்கே எல்லையாக ஓடும் மோய் ஆற்றைக் கடக்கும் முன்பே, பெட்ரோல் பங்கிலோ சாப்பாட்டுக் கடையிலோ கார் நிற்கும்போது இறங்கி, பாங்காக்கிலுள்ள இந்தியத் தூதரகத்தைக் கூப்பிட வேண்டும். அக்கரைக்குப் போன பிறகு போன் பிள்ளையின் கையில் இருக்காது.