கப்பித்தான் ஓட்டாத கப்பல்

பினாங்கில், பள்ளிவாசலுக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் உட்காருவோம். ஆளுக்கொரு தே தாரிக் சொல்லியாயிற்று. 'தாரிக்' என்றால் மலாயில் இழுத்தல். நம் ஊரில் ஆற்றுவதை இங்கே இழுப்பது என்கிறார்கள், அவ்வளவுதான். தேநீர் ஆறும் வரை எதிரே இருக்கும் பெயர்ப் பலகையைப் பார்ப்போம்: கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இந்தக் கப்பித்தான் எந்தக் கப்பலை ஓட்டினார்?"

எந்தக் கப்பலையும் ஓட்டவில்லை. இந்தத் தெருவைப் பற்றி எல்லோருக்கும் இருக்கும் குழப்பம் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதைப் பிரித்துவிட்டால் இந்தச் சின்னத் தீவின் பழங்கதையில் பாதி விளங்கிவிடும்.

'கப்பித்தான்' போர்த்துக்கீசியர் வாய்வழி வந்த சொல். அதற்குத் தலைவர் என்றுதான் பொருள். கப்பலுக்கும் தலைவர் உண்டு, படைக்கும் உண்டு, ஒரு சமூகத்துக்கும் உண்டு. 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்த பிறகு, அங்கு வாழ்ந்த ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தலைவரை வைத்து ஆளும் வழக்கத்துக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வழக்கம் மட்டும் அதைவிடப் பழையது. சுல்தான்கள் காலத்து மலாக்காவிலேயே நான்கு திசை வணிகர்களுக்கு நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். போர்த்துக்கீசியருக்குப் பின் டச்சுக்காரர்களும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் அதே ஏற்பாட்டைத் தொடர்ந்தார்கள்.

ஏன் தொடர்ந்தார்கள் என்பதற்குப் பினாங்கே சாட்சி. பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் ஆங்கிலக் கொடி ஏற்றியது 1786-இல். முறையான நீதிமன்றத்துக்கு அரச சாசனம் கிடைத்தது 1807-இல். நடுவில் இருபத்தோரு ஆண்டுகள். அந்த இருபத்தோரு ஆண்டுகளிலும் மனிதர்கள் கடன் வாங்கினார்கள், கொடுக்காமல் போனார்கள், சண்டை போட்டார்கள், பாகம் பிரித்தார்கள். சின்ன வழக்குகளை யார் தீர்ப்பது? அந்தந்தச் சமூகத்தின் கப்பித்தான்தான். நம் கிராமத்து நாட்டாண்மையை நினைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வேறுபாடு: இவரை அமர்த்தியது கிழக்கிந்தியக் கம்பெனி அரசு. சீனருக்கு ஒரு கப்பித்தான் இருந்தார். தென்னிந்தியருக்கு இருந்தவர்தான் கப்பித்தான் கெலிங்.

'கெலிங்' சொல்லுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் பொறுமையாகத்தான் தொட வேண்டும், ஏனென்றால் இன்று இது காயப்படுத்தும் சொல். தமிழர் எவரையும் அப்படி அழைப்பது தகாது. ஆனால் அது வசையாகப் பிறக்கவில்லை. கலிங்கம் என்ற நாட்டுப் பெயரின் மலாய் உருவம் அது என்பதே பெரும்பாலோர் கருத்து. கலிங்கம் எங்கே, தமிழகம் எங்கே என்று கேட்கலாம். நாம் மட்டும் என்ன செய்தோம்? ஐரோப்பாவின் 'பிராங்க்' இனப் பெயரிலிருந்து 'பறங்கி' என்ற சொல் நமக்கு வந்தது. அதை வைத்து வெள்ளைக்காரர் எல்லோரையும் பறங்கி என்றோம், அவர்கள் இருந்த ஊரைப் பறங்கிப்பேட்டை என்றோம், புதிதாக வந்த காயைக்கூடப் பறங்கிக்காய் ஆக்கினோம். அதேபோல, வங்கக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த எல்லோருக்கும் முதலில் தெரிந்த கரையின் பெயரை மலாய்க்காரர்கள் வைத்துவிட்டார்கள்.

அந்த 'எல்லோரும்' யார்? தமிழர் என்றதும் ரப்பர்த் தோட்டம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகியது இருபதாம் நூற்றாண்டில்; நம் தொடர்போ அதைவிட மிகப் பழையது. எதிர்க்கரையில் இருக்கும் கெடாதான் நம் பழைய கடாரம். நாகப்பட்டினத்தில் கடாரத்து மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். பிறகு அவன் மகன் இராஜேந்திரன் 1025-ஐ ஒட்டிக் கடாரத்தின் மேல் படையெடுத்தான். ஆக, கொடுக்கல் வாங்கலும் பகையும் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். 1794-இல் லைட் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. சோழமண்டலக் கரைக்காரர்களை அவர் 'சூலியா' என்கிறார். ஏறக்குறைய ஆயிரம் பேர் இங்கே குடியிருக்கிறார்கள், பலர் நெடுங்காலம் கெடாவில் வாழ்ந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்கிறார். ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேர் கப்பலில் வந்து, கொஞ்சம் சம்பாதித்துத் திரும்புகிறார்கள் என்றும் எழுதுகிறார்.

திரும்புவதற்குக் காற்று வேண்டும். வங்கக் கடலில் தென்மேற்குக் காற்று பாயைக் கிழக்கே தள்ளும், வாடைக் காற்று வீட்டுக்கு இழுத்துவரும். காற்று மாறும் வரை காத்திருப்பவருக்குத் தங்க இடம், தொழ இடம், கணக்குத் தீர்க்க ஓர் ஆள் எல்லாம் வேண்டும். தெரு உருவாவது இப்படித்தான். 1801-இல், கப்பித்தான் கெலிங்காக இருந்த காதர் மொஹிதீன் என்ற வணிகரின் தலைமையில் பள்ளிவாசல் கட்டுவதற்காக ஏறக்குறைய 18 ஏக்கரைக் கம்பெனி கொடுத்தது. அது வக்பு நிலம், நம் கோயில் மானியம் மாதிரி. வாடகை வரலாம், விற்க முடியாது. இப்போது நாம் பார்க்கும் குவிமாடமும் வளைவுகளும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்திக் கட்டப்பட்டவை. தெருவுக்கு முதலில் இங்கிலாந்துப் பிரதமர் பிட்டின் பெயர்தான். இதே தெருவில் வடக்கே நடந்தால் மாரியம்மன் கோயிலின் பின்புறம், சீனரின் குவான் யின் கோயில், 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் என்று வரிசையாக வரும். மாரியம்மன் கோயிலின் வாசல் மட்டும் குயின் ஸ்திரீட்டில். நடுவில் நகைக்கடைகளும் நாணயம் மாற்றும் பாய் கடைகளும்.

தேநீர் முடிந்துவிட்டது. எழுந்திருக்கும் முன் ஒன்றே ஒன்று. காதர் மொஹிதீனின் வழிவந்தவர்கள் பெயரோடு 'மெரிக்கான்' என்று வரும். அமெரிக்கா தொடர்போ என்று கேட்பவர்கள் உண்டு. 'மரக்காயர்' மலாய் வாயில் திரிந்தது அது. மரக்காயர் என்ற சொல்லையோ மரக்கலத்தோடு, அதாவது கப்பலோடு சேர்த்தே பலரும் சொல்வார்கள். உறவினர் தேடிய கப்பல் இருக்கத்தான் செய்கிறது, பட்டத்தில் இல்லை, குடும்பப் பெயரில். வாருங்கள், கம்போங் கோலாம் தெரு பக்கத்தில்தான். 1834-இல் இறந்த காதர் மொஹிதீனின் அடக்கத்தலம் அங்கே இருக்கிறது. வெயிலுக்கு முன் போய்ப் பார்த்துவிடலாம்.