எண்ணிம விளையாட்டுகளின் நாட்டுவாரி விலை வேறுபாடு: மன்னார்குடியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இணையவழி விற்கப்படும் கணினி விளையாட்டுகளுக்கு நாட்டுக்கு நாடு வெவ்வேறு விலை குறிக்கப்படுகிறது. இவ்வேறுபாடு எவ்வாறு உருவாகிறது, எதனால் நிலைபெறுகிறது, எப்போது குலைகிறது என்பவற்றைப் பொருளியல் நோக்கில் இக்கட்டுரை விளக்குகிறது. காவிரிப் படுகையின் நெல் விலையும் கூலியும் ஒப்பீட்டு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: விலை பேதம், வாங்கும் சக்தி, எண்ணிமப் பண்டம், மறுவிற்பனை, புவிசார் தடை.

முன்னுரை

ஒரே பண்டத்தை வெவ்வேறு வாங்குவோருக்கு வெவ்வேறு விலையில் விற்பதைப் பொருளியலார் விலை பேதம் என்பர். ஏ. சி. பிகு 1920-இல் வெளியிட்ட நலப் பொருளியல் நூலில் இதனை மூன்று படிநிலைகளாகப் பகுத்தார். வாங்குவோரைக் குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கொரு விலை குறிப்பது மூன்றாம் படிநிலை. நாட்டுவாரி விலை இவ்வகையைச் சார்ந்தது. இது நிலைபெற இரண்டு நிபந்தனைகள் வேண்டும். சந்தைகளின் தேவை நெகிழ்ச்சி வேறுபட்டிருத்தல் வேண்டும். மலிவான சந்தையில் வாங்கியதை விலையுயர்ந்த சந்தையில் மறுவிற்பனை செய்ய இயலாதிருத்தல் வேண்டும்.

எண்ணிமப் பண்டத்தின் இயல்பு

ஒரு விளையாட்டை உருவாக்கப் பெருமுதலீடு தேவை. உருவான பின் மேலும் ஒரு படியை விற்பதற்கான இறுதிநிலைச் செலவு ஏறத்தாழச் சுழியம். ஆகவே வாங்கும் சக்தி குறைந்த நாட்டில் குறைந்த விலைக்கு விற்றாலும் அவ்விற்பனை விற்போருக்கு வருவாயே. நெல்லுக்கு இது பொருந்தாது. ஒவ்வொரு குவிண்டாலுக்கும் விதை, உரம், நீர், கூலி என்னும் செலவுகள் மீண்டும் எழுகின்றன.

வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் விற்பனைத் தளம் 2015 நவம்பரில் இந்திய ரூபாயில் விலை குறிக்கத் தொடங்கியது. தளம் பரிந்துரை விலைப்பட்டியல் ஒன்றை அளிக்கிறது; இறுதி விலையை வெளியீட்டாளரே முடிவு செய்கிறார். நாணய மாற்று மதிப்புடன் வாங்கும் சக்தியையும் கருதி அமைக்கப்படும் இப்பட்டியல் 2022 அக்டோபரில் பரவலாகத் திருத்தப்பட்டது. தமிழ் வழங்கும் நிலங்களுக்குள்ளேயே இவ்வேறுபாட்டைக் காணலாம். மன்னார்குடி மாணவர் ரூபாயிலும், கோலாலம்பூர் மாணவர் ரிங்கிட்டிலும், சிங்கப்பூர் மாணவர் சிங்கப்பூர் வெள்ளியிலும் விலை காண்கின்றனர். யாழ்ப்பாண மாணவருக்கோ இலங்கை ரூபாயில் விலை இல்லை. அமெரிக்க டாலரிலேயே செலுத்த வேண்டும்.

விலையும் உழைப்பும்

நாட்டுவாரி விலை என்பது எப்போதும் சலுகை விலை அன்று. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 கருவிக்கென வெளிவந்த டெமன்ஸ் சோல்ஸ் விளையாட்டின் விலை அமெரிக்காவில் 69.99 டாலர், இந்தியாவில் 4,999 ரூபாய். டாலருக்கு 74 ரூபாய் என்னும் அக்கால மதிப்பில் அமெரிக்க விலை ஏறத்தாழ 5,180 ரூபாய். வாங்குவோர் கண்ட வேறுபாடு 4 விழுக்காட்டிற்கும் குறைவு. இந்திய விலையில் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி அடங்கும்; அமெரிக்க விலையில் விற்பனை வரி அடங்காது. வரியை நீக்கினால் இந்திய விலை ஏறத்தாழ 4,236 ரூபாய். விற்போர் விட்டுக்கொடுத்தது 18 விழுக்காடு அளவு. அதனை வரி ஈடுசெய்துவிட்டது.

2020–21 கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,868 ரூபாய். தமிழக அரசின் ஊக்கத்தொகை 50 ரூபாய். மொத்தம் 1,918 ரூபாய். அவ்விளையாட்டு ஒன்றை வாங்க மன்னார்குடி உழவர் ஏறத்தாழ 260 கிலோ நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் அளித்திருக்க வேண்டும். அவ்வாண்டு தமிழகத்தில் ஊரக வேலை உறுதித் திட்டக் கூலி நாளொன்றுக்கு 256 ரூபாய். அக்கணக்கில் இது ஏறத்தாழ 20 நாள் உழைப்பு. அமெரிக்கக் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் பெறுபவருக்கோ 10 மணி நேரத்திற்கும் குறைவான உழைப்பு.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. விற்பனைத் தளங்களுக்கு இந்தியா முழுமையும் ஒரே வட்டாரம். மும்பையின் வருவாயும் மன்னார்குடியின் வருவாயும் ஒரே விலையின்கீழ் அடங்குகின்றன. நாடுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வைக் கணக்கிற்கொள்ளும் இம்முறை, நாட்டினுள் நிலவும் ஏற்றத்தாழ்வைக் காண்பதில்லை.

மறுவிற்பனையும் தடைகளும்

அச்சு நூல்களில் இச்சிக்கல் முன்பே எழுந்தது. ஆசிய நாடுகளுக்கென மலிவாக அச்சிடப்பட்ட பாடநூல்களைத் தாய்லாந்திலிருந்து வருவித்து அமெரிக்காவில் விற்ற கிர்ட்சேங் என்னும் மாணவர்மீது வைலி பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. முறையாக வாங்கிய நூலை மறுவிற்பனை செய்யலாம் என 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணிம விளையாட்டில் இவ்வழி அடைபட்டுள்ளது. விற்கப்படுவது படியன்று, பயன்பாட்டு உரிமமே.

எனினும் எல்லை முழுமையாக அடைபடவில்லை. மலிவான நாடுகளுக்குக் கணக்கை மாற்றிப் பலர் வாங்கினர். ஆகவே ஸ்டீம், நாட்டை மாற்றுவதற்கு அந்நாட்டின் கட்டண வழியைக் கட்டாயமாக்கியது. அர்ஜென்டினா, துருக்கி ஆகிய நாடுகளின் நாணய மதிப்பு நிலையற்றுச் சரிந்த நிலையில் 2023 நவம்பர் 20 முதல் அவ்விரு நாடுகளுக்கும் டாலர் விலை நடைமுறைக்கு வந்தது. அங்கு வாழ்ந்த மெய்யான வாங்குவோருக்குப் பல விளையாட்டுகளின் விலை பன்மடங்கு உயர்ந்தது.

இதற்கு எதிர்த்திசையிலும் சட்டம் இயங்கியுள்ளது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் வாங்கிய விளையாட்டுக் குறியீடுகள் பிற உறுப்பு நாடுகளில் இயங்காதவாறு தடுத்தமைக்காக வால்வ் நிறுவனத்திற்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் மொத்தம் 78 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. ஆயின் புவிசார் தடை முற்றிலும் நீங்கினால், விற்போர் உயர்ந்த விலையையே பொது விலையாக்கக்கூடும். அப்போது இழப்பு எளிய நாட்டினருக்கே.

முடிவுரை

நாட்டுவாரி விலை விற்போரின் வருவாய்க் கணக்கில் பிறப்பது. சந்தைகள் பிரிந்திருக்கும்வரை அது எளிய நாட்டினருக்கும் பயன்தரும். பிரிவு தளர்ந்தாலோ நாணயம் சரிந்தாலோ முன்னறிவிப்பின் அளவிலேயே விலக்கிக்கொள்ளப்படும். நெல் விலை போதுமானதா என்னும் வாதம் நீடிப்பினும், அதனைப் பரிந்துரைக்க ஓர் ஆணையம் உண்டு. அடிப்படைச் செலவுக் கணக்கு வெளியிடப்படுகிறது. உழவர் அதனை எதிர்த்து வாதிட இயலும். விளையாட்டின் விலைக்கு அத்தகைய பொதுக் கணக்கு ஏதுமில்லை. எண்ணிமப் பண்டங்களின் விலை குறித்த ஆய்வுகள், விலையின் அளவோடு அதனை முடிவு செய்யும் உரிமை யாரிடம் உள்ளது என்பதையும் ஆராய்வது இன்றியமையாதது.