முகாம் நெருப்பில் பிஸ்கட் சுடுவது எப்படி?

பிஸ்கட் என்றால் கடையில் பாக்கெட்டாக வாங்குவது. கேம்ப் ஃபயர் என்றால் சுற்றி நின்று பாட்டுப் பாடுவது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கப் போய், சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். அதில் கற்றதைச் சொல்லவே இக்கட்டுரை.

முகாமின் ஐந்தாம் நாள் மாலை. "ஊர்ப் பிள்ளைங்களுக்கு நாமே பிஸ்கட் சுட்டுக் கொடுப்போம்" என்றேன். வாய்க்கொழுப்புதான், வேறென்ன! அரைக் கிலோ மைதா, கால் கிலோ டால்டா, கால் கிலோ பொடித்த சர்க்கரை, கால் ஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு. டால்டாவையும் சர்க்கரையையும் குழைத்து, மற்றதைச் சேர்த்து, தண்ணீர் விடாமல் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டித் தட்டினோம். அலுமினியக் குண்டானில் ஆற்று மணலைக் கொட்டி, அதன்மேல் தட்டை வைத்து மூடி, கீழே விறகைக் கொழுந்துவிட்டு எரியவிட்டோம்.

அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் பிஸ்கட் அல்ல, வெந்த கொழுக்கட்டை! "தீயை ஏத்துடா" என்றார்கள். ஏற்றினோம். அடியில் கரி, மேலே வெள்ளை. முதல் ஈடு வீண். பிள்ளைகளோ சுற்றி உட்கார்ந்து குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்குப் போன் செய்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. என் அப்பா ஒரு பேக்கரியில் விறகு அடுப்பு வேலை பார்க்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இது என் வகுப்பில் யாருக்கும் தெரியாது. சேர்க்கை விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'தனியார் நிறுவனம்' என்று எழுதியவன் நான். "ஸ்பீக்கர்ல போடுடா, எல்லாரும் கேக்கட்டும்" என்றான் நண்பன். கை தயங்கியது. போட்டேன்.

அப்பா சொன்னது இவ்வளவுதான்: "மணல் ஈரமா இருக்கும், முதல்ல நல்லா வறு. எரியிற கட்டைய வெளிய இழுத்துடு, தணல் போதும். மூடி மேலயும் தணல் போடு. தட்டு மணல்ல ஒட்டக் கூடாது, செங்கல் துண்டு வை. ஓடைக் கல்லு வைக்காத, வெடிக்கும்."

நண்பர்களே, இதில் ஒவ்வொன்றும் நமது தெர்மல் பாடத்தில் உள்ளதே!

ஈர மணல்: ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கும் மேல், அதை ஆவியாக்கத் தேவை. இதுவே உள்ளுறை வெப்பம். ஈரம் போகும்வரை மணல் 100 டிகிரியைத் தாண்டாது. பிஸ்கட்டுக்கோ சுமார் 170, 180 வேண்டும். பொன்னிறமும் மணமும் தரும் வினை சுமார் 140-க்கு மேல்தான் வேகம் பிடிக்கும். 1912-ல் அதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மைலார்டு பெயரே அதற்கு. ஓடைக் கல் வெடிப்பதும் உள்ளே சிக்கிய நீர் ஆவியாவதால்தான்.

செங்கல் துண்டு: தட்டு சூடான மணலைத் தொட்டால் வெப்பக் கடத்தலால் அடி தீயும். இடைவெளி விட்டால் சூடான காற்று சுற்றிவரும். அதுவே வெப்பச் சலனம்.

மூடிமேல் தணல்: மேலிருந்து வெப்பக் கதிர்வீச்சு கிடைத்தால்தான் மேற்பக்கம் சிவக்கும். தம் பிரியாணிக்கு மூடிமேல் தணல் போடுவதும் மேலிருந்து சூடு கிடைக்கத்தான். கொழுந்து காற்றுக்கு ஆடும்; தணலின் சூடு சீராக இருக்கும்.

சரி, தெர்மாமீட்டர்? அதற்கும் அப்பாவிடம் வழி இருந்தது. தட்டில் ஒரு சிட்டிகை மைதா போட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவே இருந்தால் சூடு போதாது. உடனே கறுத்தால் அதிகம். மெல்லச் சிவந்தால் சரி.

மணலை வறுத்து, மூடி அரை மணி காயவிட்டு, இரண்டாம் ஈடு வைத்தோம். இருபது நிமிடத்தில் மணம் வந்தது. தொட்டால் மெத்தென்றிருந்தது. "வேகலடா" என்று மறுபடி மூடப் போனார்கள். போனிலிருந்த அப்பா, "எடுத்துடுங்க தம்பி, ஆறினாத்தான் மொறுமொறுன்னு ஆகும்" என்றார். ஆம், சூட்டில் கொழுப்பு உருகியே இருக்கும்; ஆறினால்தான் இறுகும். மூன்று ஈடு சுட்டோம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கிடைத்தது. எங்களுக்குக் கரிந்ததுதான்! தணலில் தண்ணீர் ஊற்றி, கிளறிப் பார்த்து, சூடு தணிந்த பிறகே படுக்கச் சென்றோம்.

இந்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில் 'பேக்கரி அடுப்பு வேலை' என்று எழுதினேன். வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும். மணலைக் காய வைக்கணும்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கா?"

உள்ளுறை வெப்பம் என்று போட்டிருக்கிறது நண்பர்களே. நான்தான் பரீட்சைக்கு மட்டும் படித்திருந்தேன்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்