உஷார்! காலண்டரை நம்பிப் பறவை பார்க்கக் கிளம்பாதீர்கள்

அரையாண்டு லீவு, அடுத்துப் பொங்கல் லீவு. வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கமிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போக நினைப்பவர்களே, வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

அபிராமத்தைத் தாண்டி முதுகுளத்தூர்ப் பக்கம் போனால் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம். சாயல்குடிப் பக்கம் மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர், 593 ஹெக்டேர். முதல் இரண்டும் 1989-லேயே சரணாலயமாகி, 2022-ல் ராம்சார் பட்டியலிலும் ஏறியவை. சீசன் எப்போது என்று தேடினால் 'அக்டோபர் முதல் பிப்ரவரி வரை' என்று வரும். அதை நம்பி அக்டோபரில் போனால் வெடித்த கரம்பையும் கருவேல மரமும்தான் இருக்கும். மே மாத லீவிலும் அதே கதி.

இவையெல்லாம் நம் ஊர்க் கண்மாய்கள்தான். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து கண்மாய் பெருகினால்தான் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் வந்து கருவேல மரத்தில் கூடு கட்டும். மரத்தடியில் நீர் நின்றால்தான் நாயும் பூனையும் நெருங்காது. சுற்றுவட்டாரத்தில் நீர் இருந்தால்தான் குஞ்சுக்கு மீன் கிடைக்கும். நாரை முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். அத்தனை நாளும் கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும். மழை பொய்த்த வருஷம் அவை வருவதில்லை. வந்தாலும் பாதியில் போய்விடும். ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியிலும் இதுதான் நடக்கிறது. லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்கள் மழையையும் புல்லையும் தேடித்தான் நடக்கின்றன. பெரும் பணம் கட்டி ஆகஸ்டில் போனவர்களும், அவை ஆற்றைக் கடப்பதைப் பார்க்க மாரா ஆற்றங்கரையில் நாள்கணக்கில் காத்துக் கிடப்பதுண்டு.

ஏமாந்து திரும்புவதாவது நம் பணத்தோடு போகும். எனக்குப் பெரிய பயம் காணும் பொங்கல்தான். நமக்கு லீவு கிடைக்கிற அந்த நாட்களில்தான் கூடுகளில் முட்டையும், இறகு முளைக்காத குஞ்சும் இருக்கும். வேனில் பாட்டு அலறும், கரையில் கூச்சல் கேட்கும், யாராவது ட்ரோனைப் பறக்கவிடுவார்கள். தாய்ப் பறவை பதறி எழும்பினால் அந்த இடைவெளியே காக்கைக்குப் போதும். உச்சி வெயிலில் சிறகு விரித்து நிழல் கொடுக்கத் தாய் இல்லாவிட்டால் குஞ்சு கூட்டிலேயே செத்துப்போகும். கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே சொல்கிறது. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் அங்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நாம் ஸ்பீக்கரையாவது அணைக்கக் கூடாதா?

அப்படியானால் எப்போது போவது? கார்த்திகை முடியும்போது அந்தப் பக்கத்து உறவினர் யாரிடமாவது 'கண்மாய் பெருகியிருக்கா, மறுகால் போச்சா?' என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் இந்த வருஷம் விட்டுவிடுங்கள். மணிமுத்தாறு தண்ணீர் வரும் கூந்தன்குளம் சரணாலயத்தை வேண்டுமானால் விசாரிக்கலாம். கண்மாய் பெருகியிருந்தால் பொங்கல் கூட்டம் கலைந்தபின், தை கடைசி, மாசி முதல் வாரங்களில் போங்கள். குஞ்சுகள் ஓரளவு வளர்ந்து கிளையில் நிற்கும் நேரம் அது. மாசி பாதிக்குமேல் தள்ளிப்போடாதீர்கள்; நெல்லுக்கு மடை திறந்து விட்டபின் நீர் வேகமாக வற்றும்.

விடியற்காலையில் போய்ச் சேருங்கள். பச்சை, காக்கி மாதிரி மங்கலான சட்டை போதும். கரையிலேயே நில்லுங்கள், மரத்தடிக்கு இறங்காதீர்கள். வேன் டிரைவரிடம் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.